உள்ளே அழித்தால் வெளியே சுருங்காது

தம்பி ஒருவர், குளோன் (நகல்) எடுத்த வேர்ச்சுவல்பொக்ஸ் மெஷினுக்குள், அதாவது கணினிக்குள் ஓடும் இன்னொரு கணினிக்குள், ஃபைல்களை அழித்தால் விடிஐ (அந்த மெஷினின் டிஸ்க்காக வெளியே இருக்கும் ஃபைல்) தானாகச் சுருங்கும் என்கிறார். சுருங்காது. 256 ஜிபி லாப்டொப்போடு கல்முனையில் படிக்கிற பிள்ளைகள் இதை நம்பினால் இடம் முட்டித்தான் நிற்கும்.

அழிக்கும்போது பெயர்தான் போகிறது. பழைய தரவு டிஸ்க்கில் அப்படியே கிடக்கும். வெற்றிடத்தை முதலில் பூச்சியத்தால் நிரப்புங்கள்: மெஷினுக்குள் லினக்ஸ் எக்ஸ்ட்4 (லினக்ஸின் ஃபைல் முறை) என்றால் ரீட்-ஒன்லியாக (எழுத முடியாதபடி) மவுண்ட் செய்து ஸீரோஃப்ரீ என்ற கருவி, விண்டோஸ் என்றால் எஸ்டிலீட் -இசட் என்ற கருவி. பிறகு மெஷினை முழுதாக நிறுத்தி, வெளியிலிருந்து, அதாவது உங்கள் லாப்டொப்பின் கமாண்ட் லைனில், இதை ஆங்கில எழுத்தில் அடியுங்கள்:

விபொக்ஸ்மேனேஜ் மொடிஃபைமீடியம் டிஸ்க் "ஃபைல் பாதை" --கொம்பக்ட்

பாதையில் இடைவெளி இருந்தால் மேற்கோள் குறி கட்டாயம். ஸ்னப்ஷொட் (மெஷினின் பழைய நிலையைச் சேமித்த பதிவு) இருந்தால் முதலில் அதை நீக்குங்கள், அது செய்யாமல் பலன் குறைவு. நிலையான அளவு டிஸ்க்குக்கு இது சரிவராது. லிங்க்ட் குளோன் (மூல மெஷினின் டிஸ்க்கையே நம்பியிருக்கும் நகல்) என்றால் தாய் டிஸ்க்கில் கைவைக்கவே வேண்டாம், பிள்ளை மெஷின்கள் எழும்பாமல் போகலாம்.