வேதப் புத்தகம் வைங்க, ஆனா பதிவேட்டில் ஏற்றி வைங்க

அரசுப் பள்ளி நூலகத்தில் பைபிள், குர்ஆன், கீதை இருக்கலாமா என்று பேச்செடுத்தாலே அரசியலமைப்பின் 28-ஆம் பிரிவைத் தூக்கிக் காட்டுகிறார்கள். முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் மதபோதனை கூடாது, அவ்வளவுதான் அதன் முதல் உட்பிரிவு. மதங்களைப் பற்றிப் படிப்பது வேறு, மதபோதனை வேறு என்று 2002-ல், பள்ளிப் பாடத்திட்டம் பற்றிய அருணா ராய் வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. வைக்கலாம் என்பதுதான் என் கட்சி. புத்தகம் எந்த வழியாக உள்ளே வருகிறது என்பதில்தான் சிக்கல்.

வடசென்னையில் ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடிப் பக்கம் மாநகராட்சிப் பள்ளிகளில் மூன்று மதப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில்தான் உட்காருகிறார்கள். அங்கே ஒருவர் இலவசப் பிரதிகளை அட்டைப்பெட்டியோடு இறக்கினால், மறுவாரம் அடுத்த தரப்பும் பெட்டியோடு வரும். இலவசப் பதிப்பை வாங்குமுன் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் புரட்டுங்கள். அமைப்பின் தொலைபேசி எண்ணும், கையெழுத்திடச் சொல்லும் உறுதிமொழியும் இருந்தால் அது பிரசாரம்; திருப்பிக் கொடுத்துவிடலாம். முன்னுரையையும் அடிக்குறிப்பையும் விடாதீர்கள். மூலத்தில் இல்லாத வசவு பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

தேறியதில் ஒரு நூலுக்கு ஒரு பிரதி போதும். நூலகத்தின் நூல் சேர்க்கைப் பதிவேட்டில் எண், தேதி, கொடுத்தவர் பெயர் ஏற்றி முத்திரை குத்துங்கள். அடுக்குவது, பொருளுக்கேற்ப நூலுக்கு எண் கொடுக்கும் டூயி தசம முறையில்: பைபிள் 220, கீதை 294.5, குர்ஆன் 297. (கிறித்தவத்துக்கு அள்ளிக் கொடுத்து, மற்ற மதங்களை 290-களுக்குள் அடைத்த ஓரவஞ்சனை டூயிக்கு உண்டு. நாலு புத்தகம் உள்ள அலமாரியில் அது பெரிதாகத் தெரியாது.) நாத்திகத்துக்கும் 211.8 இருக்கிறது, காலியாக விடாதீர்கள். கம்பராமாயணம், சீறாப்புராணம், தேம்பாவணி மூன்றும் தமிழ் இலக்கியம், 894.811. அவற்றைத் தாராளமாக வீட்டுக்குக் கொடுத்தனுப்பலாம்.

வேதநூலை மட்டும் குறிப்புதவி நூலாக அங்கேயே படிக்க வையுங்கள். பல பதிப்புகளில் தாள் சவ்வு மாதிரி இருக்கும். கடற்காற்று ஈரத்தில் பக்கங்கள் ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது கிழியும். ஆறாம் வகுப்புப் பையன் கைதவறிக் கிழித்ததை, 'எந்த வீட்டுப் பையன்' என்று விசாரிக்கத் தெருவில் ஆள் இருக்கிறது. கீழ்த்தட்டும் வேண்டாம். மழைத்தண்ணீர் முதலில் தொடுவது அதைத்தான். தரையோடு தரையாக வேதநூலை வைத்தால் மனவருத்தமும் வரும்.

பலரும் கோட்டை விடுவது பழைய புத்தகங்களைக் கழிவு செய்யும்போது. மற்ற புத்தகங்களோடு எடைக்குப் போட்டு, அந்தத் தாள் பஜ்ஜி மடிக்க வந்தால் பள்ளி வாசலில் கூட்டம் கூடிவிடும். கழிவுப் பட்டியலில் வேதநூல்களைத் தனியாக எழுதி, தலைமையாசிரியர் ஒப்புதலோடு குர்ஆனைப் பள்ளிவாசலிலும் பைபிளைத் தேவாலயத்திலும் கீதையைக் கோயிலிலும் சேர்த்துவிடுங்கள். பழைய குர்ஆனை மரியாதையாகப் புதைக்கும் வழக்கம் முஸ்லிம்களிடம் உண்டு. வாங்கிக்கொண்டவரின் கையெழுத்து பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேரே இருக்கட்டும். தணிக்கைக்கு வருபவர் கேட்பது அதைத்தான்.