விமானிகள் விலகினால் சங்கத்தின் கை ஓங்குமா?

அமெரிக்க விமான நிறுவனங்களில் ஊதியப் பேச்சுவார்த்தை தொடங்கும்போதெல்லாம் ஒரு வாதம் தவறாமல் எழுகிறது. விமானிகள் வரிசையாக ராஜினாமா செய்துகொண்டிருக்கிறார்கள், ஆகவே சங்கம் கேட்பதை நிர்வாகம் கொடுத்தே தீர வேண்டும் என்பார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது. ராஜினாமாக்கள் சங்கத்துக்குப் பலம் தருகின்றன என்பதை மறுக்க முடியாது. ஆனால் அது கைமாற்றாக வந்த பலம். கையில் இருக்கும்போதே அதை நிரந்தர ஊதிய அட்டவணையாக எழுதி வாங்காத சங்கம், பிறகு வெறுங்கையோடுதான் மேசையில் உட்கார வேண்டியிருக்கும் என்பது என் கருத்து.

ராஜினாமாவுக்கு இத்தனை மதிப்பு ஏன் என்பதற்குச் சட்டத்தில்தான் விடை இருக்கிறது. ரயில் தொழிலாளர்களுக்காக 1926இல் இயற்றப்பட்ட ரயில்வே தொழிலாளர் சட்டம் 1936இல் விமானத் துறைக்கும் விரிவாக்கப்பட்டது. இதன்படி ஓர் ஒப்பந்தம் காலாவதியாவதே இல்லை. குறித்த தேதிக்குப் பிறகு அது திருத்தத்துக்கு உரியதாகிறது, அவ்வளவுதான். புதிய ஒப்பந்தம் கையெழுத்தாகும்வரை பழைய சம்பளம் அப்படியே தொடரும். தேசிய மத்தியஸ்த வாரியம் இரு தரப்பையும் மத்தியஸ்தத்திலிருந்து விடுவிக்கும்வரை வேலைநிறுத்தம் என்ற பேச்சுக்கே இடமில்லை. வாரியத்துக்கோ காலக்கெடு எதுவும் கிடையாது. விடுவித்த பிறகும் 30 நாள் பொறுத்திருக்க வேண்டும், அதற்கும் மேல் அமெரிக்க அதிபர் தலையிடலாம். 1997 பிப்ரவரியில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானிகள் வேலைநிறுத்தத்தில் இறங்கிய சில நிமிடங்களிலேயே அதிபர் கிளின்டன் அவசரக் குழு அமைத்து அதை நிறுத்திவிட்டார். 2001இல் காம்ஏர் விமானிகள் 89 நாள் நடத்திய வேலைநிறுத்தமும், 2010இல் ஸ்பிரிட் விமானிகள் சில நாள் நடத்தியதும் விதிவிலக்குகள்தாம். இத்தகைய சட்டத்தின் கீழ், தாமதம் என்பது நிர்வாகத்துக்குச் சேமிப்பு. ராஜினாமாக் கடிதத்துக்கு மட்டும் யாருடைய அனுமதியும் தேவையில்லை.

ஆனால் விலகுகிறவர் யார் என்று பார்க்க வேண்டும். டெல்டாவிலோ யுனைடெட்டிலோ இருபது ஆண்டு பணிமூப்புள்ள கேப்டன் போட்டி நிறுவனத்துக்குத் தாவ மாட்டார்; தாவினால் அங்கே பட்டியலின் கடைசிப் பெயராக, கடைநிலைத் துணை விமானியின் சம்பளத்தில்தான் மறுபடி தொடங்க வேண்டும். அனுபவத்தை மூட்டை கட்டி எடுத்துச் செல்லலாம், பணிமூப்பை எடுத்துச் செல்ல முடியாது. ஆகவே பெரிய நிறுவனங்களிலிருந்து விமானிகளை வெளியேற்றுவது பெரும்பாலும் 65 வயதுக் கட்டாய ஓய்வுதான். ராஜினாமா என்ற பிரச்சினை அவற்றுக்குக் கீழே இருக்கும், சிற்றூர்களைப் பெரிய நகரங்களோடு இணைக்கும் பிராந்திய நிறுவனங்களுக்கும் மலிவுக் கட்டண நிறுவனங்களுக்கும் உரியது.

அங்கே அது எப்படிக் கடிக்கிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். 2009இல் பஃபலோ அருகே கோல்கன் ஏர் விமானம் விழுந்து 50 பேர் இறந்ததைத் தொடர்ந்து விதிகள் கடுமையாக்கப்பட்டன. துணை விமானியாகச் சேரவே பொதுவாக 1,500 மணி நேரப் பறத்தல் வேண்டும் என்றானது. (அந்த விபத்தில் சிக்கிய விமானிகள் இருவருமே 1,500 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர்கள் என்பதை இந்த விதியைப் பற்றிப் பேசுகிறவர்கள் பலர் சொல்வதில்லை.) அதே விதித்தொகுப்பில் அதிகம் பேசப்படாத இன்னொன்றும் உண்டு: கேப்டனாவதற்கு முன் ஒருவர் 1,000 மணி நேரம், பெரும்பாலும் விமான நிறுவனத் துணை விமானியாகவே, பறந்திருக்க வேண்டும். ஒரு துணை விமானி இரண்டு ஆண்டு பறந்து அந்த ஆயிரத்தை எட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கேப்டன் இருக்கைக்கு அவர் தகுதி பெறும் அதே வேளையில் பெரிய நிறுவனத்தின் அழைப்பும் வந்துவிடுகிறது. அவர் போனால் ஒரு துணை விமானி குறைந்தார் என்று மட்டும் கணக்கு எழுத முடியாது. உருவாகவிருந்த ஒரு கேப்டனும் போய்விட்டார். கேப்டன் இல்லாமல் விமானம் கிளம்பாது. புதிதாகச் சேர்ந்தவர்கள் ஜோடி கிடைக்காமல் மணி நேரம் சேர்க்க முடியாமல் காத்திருக்கிறார்கள். அதனால் அடுத்த ஆண்டின் கேப்டன்களும் தாமதமாகிறார்கள். பயிற்சி தரும் கேப்டன்களும் விலகத் தொடங்கினால் சங்கிலி முழுவதும் இறுகிவிடும். 2022 மார்ச்சில் ஸ்கைவெஸ்ட் என்ற பிராந்திய நிறுவனம் விமானிப் பற்றாக்குறையைக் காரணம் காட்டி, அரசு மானியத்தில் சேவை நடத்திய 29 சிற்றூர்களிலிருந்து விலகப்போவதாக அறிவித்தது இந்தப் பின்னணியில்தான்.

இப்படிப்பட்ட நேரத்தில் சங்கத்தின் கை ஓங்கியிருக்கிறது என்றே எவரும் நினைப்பார்கள். நிர்வாகமும் அதை உணர்ந்துதான் பணத்தோடு வருகிறது. ஆனால் பணம் வரும் வடிவத்தைக் கவனிக்க வேண்டும். 2022 ஜூனில் அமெரிக்கன் ஏர்லைன்ஸின் துணை நிறுவனங்களான என்வாயும் பீட்மான்டும் புதிய துணை விமானிக்கு மணிக்கு 90 டாலர் என்று அறிவித்தபோது துறையே நிமிர்ந்து பார்த்தது. அதில் ஒரு பகுதி 2024 ஆகஸ்ட் வரை மட்டுமே செல்லும் தற்காலிகக் கூடுதல் என்பதைக் கவனித்தவர்கள் குறைவு. சேரும்போது ஊக்கத்தொகை, ஓராண்டு நிலைத்தால் இன்னொரு தொகை, வேறு நிறுவனத்திலிருந்து கேப்டனாக வந்தால் மற்றொன்று என நிர்வாகங்கள் அள்ளிக் கொடுக்கும் எதுவும் ஊதிய அட்டவணையில் ஏறுவதில்லை. தேவை தீர்ந்ததும் நிறுத்திக்கொள்ளலாம். சங்கத்தின் சம்மதம் வேண்டியிருப்பதால் ஒரு தனிக் கடிதத்தை நீட்டி, இதில் இன்றே கையெழுத்திடுங்கள், முழு ஒப்பந்தத்தைப் பிறகு பேசலாம் என்கிறார்கள். மறுத்தால் இளைய உறுப்பினர்கள் கொதிக்கிறார்கள். கையெழுத்திட்டால் நிர்வாகத்தின் நெருக்கடி தணிந்துவிடுகிறது, முழு ஒப்பந்தம் மீண்டும் அலமாரிக்குப் போகிறது.

சங்கத்தின் உள்ளேயும் ஒரு சிக்கல் இருக்கிறது. இரண்டு ஆண்டில் போய்விடப்போகிற உறுப்பினருக்கு இன்றைய ரொக்கம் வேண்டும். குடும்பத்துக்காகவோ வயதுக்காகவோ அதே நிறுவனத்தில் தங்கிவிட்டவருக்கு ஓய்வூதியப் பங்களிப்பும் பணி அட்டவணை விதிகளும் நோய்விடுப்பும் வேண்டும். ஆளுக்கு ஒரு வாக்கு என்கிறபோது, போகிறவர்களின் எண்ணிக்கை கூடக் கூட ஒப்பந்தத்தின் முகமும் மாறிவிடுகிறது. பேச்சுவார்த்தைக் குழுவில் இருந்து பழகியவர்களே விலகிவிட, முந்தைய சுற்றில் எந்த வாசகத்துக்காக எதை விட்டுக்கொடுத்தோம் என்பது தெரியாதவர்கள் வந்து உட்காருகிறார்கள்.

இதைவிட நுட்பமான ஒன்று பணிமூப்புப் பட்டியலில் நடக்கிறது. மேலே இருக்கும் ஒருவர் விலகினால் கீழே இருக்கும் அத்தனை பேரும் ஓர் எண் முன்னேறுகிறார்கள். விடுப்பும் பணித்தளமும் இந்த வரிசைப்படியே கிடைப்பதால், 640ஆவது எண்ணில் இருந்தவர் ஆறு மாதத்தில் 590ஆவது எண்ணுக்கு வந்தால், இதுவரை கிடைக்காத ஞாயிறு விடுமுறையும் கிறிஸ்துமஸ் விடுப்பும் வீட்டுக்கு அருகிலுள்ள பணித்தளமும் ஒரு பைசா ஊதிய உயர்வு இல்லாமலேயே கிடைத்துவிடும். விலகல்களைச் சங்கத் தலைமை நெருக்கடி என்று முழங்கும்போது, உறுப்பினர்களில் கணிசமானோர் அவற்றைத் தங்கள் நல்வாய்ப்பாக எண்ணிக்கொண்டிருக்கலாம். நிர்வாகத்துக்குச் செலவே வைக்காத ஊதிய உயர்வு இது.

மேல்தட்டின் வெற்றியும் கீழ்த்தட்டின் கசிவைப் பெரிதாக்குகிறது. 2022 நவம்பரில் யுனைடெட் விமானிகள் முன்வைக்கப்பட்ட ஒப்பந்தத்தை 94 சதவீத வாக்குகளால் நிராகரித்தார்கள். 2023 மார்ச்சில் டெல்டா விமானிகள் நான்கு ஆண்டுகளில் 34 சதவீத உயர்வு பெற்றார்கள். அமெரிக்கன் ஏர்லைன்ஸும் யுனைடெட்டும் அதே ஆண்டில் பின்தொடர வேண்டியதாயிற்று. டெல்டாவிலும் யுனைடெட்டிலும் பேசிய அதே ஏஎல்பிஏ என்ற விமானிகள் சங்கம்தான் பல பிராந்திய நிறுவனங்களின் விமானிகளுக்காகவும் பேசுகிறது. ஒரு மேசையில் அது வென்ற ஒவ்வொரு டாலரும் இன்னொரு மேசையில் அதன் உறுப்பினர்களை வெளியே இழுத்தது. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை; வேறு வழி இருந்ததாகவும் எனக்குத் தோன்றவில்லை.

கைமாற்று என்று ஏன் சொன்னேன் என்பதற்கு மலிவுக் கட்டண நிறுவனமான ஸ்பிரிட்டின் கதை போதும். விமானிகள் தொடர்ந்து வெளியேறிய நெருக்கடியில் 2023 ஜனவரியில் அந்நிறுவனம் சராசரியாக 34 சதவீத உயர்வுள்ள இரண்டாண்டு ஒப்பந்தத்துக்கு இறங்கிவந்தது. 2024இல் பெரிய நிறுவனங்கள், போயிங் விமானங்கள் வந்துசேரத் தாமதமானது உள்ளிட்ட காரணங்களால், ஆள் எடுப்பைக் குறைத்தன. போவதற்கு இடம் குறைந்ததும் ராஜினாமா என்ற ஆயுதமும் மழுங்கியது. அதே ஆண்டு ஸ்பிரிட் விமானிகளைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்தது. நவம்பரில் திவால் பாதுகாப்பு கோரியது. அமெரிக்கத் திவால் சட்டத்தின் 1113ஆவது பிரிவின்படி, நீதிமன்றம் அனுமதித்தால் தொழிற்சங்க ஒப்பந்தத்தையே நிராகரிக்க முடியும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஆகவே, ஆள் விலகும் காலத்தில் நிர்வாகம் ஊக்கத்தொகைக் கடிதத்தோடு வந்தால், சங்கம் அதை வாங்காமல் இருக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். முடிவுத் தேதி இல்லாமல் அந்தத் தொகையை அட்டவணையில் ஏற்றச் சொல்ல வேண்டும். போட்டி நிறுவனங்களின் ஊதியம் ஏறினால் இங்கும் தானாக ஏறும் என்ற வாசகத்தையும், பத்து ஆண்டாகத் தங்கியிருக்கும் கேப்டனுக்குப் புதியவருக்குக் கிடைப்பதில் குறையாத உயர்வையும் அதே கடிதத்தில் கேட்க வேண்டும். இவற்றை எழுத நிர்வாகம் எவ்வளவு தயங்குகிறதோ, அந்தப் பற்றாக்குறை சீக்கிரம் தீர்ந்துவிடும் என்று அது அவ்வளவு உறுதியாகக் கணக்குப் போட்டிருக்கிறது என்றே நான் எடுத்துக்கொள்வேன்.