கழன்று கிடக்கும் செருப்பு

"அச்சடித்த காகிதத்தைப் பார்த்தால் உங்களுக்கு எப்படி ஜெபம் வருகிறது?" என்று சபை நண்பர் ஒருவர் கேட்டார். உண்மையான கவலையோடு கேட்டார். அதனால்தான் விரிவாக எழுதுகிறேன்.

என் மேசைக்கு மேலே இருப்பது டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் வரைந்த கெட்ட குமாரன் ஓவியத்தின் அச்சு நகல். தன் பங்குச் சொத்தை வாங்கிப்போய் அழித்துவிட்டுத் திரும்பும் இளைய மகனைத் தகப்பன் அணைத்துக்கொள்ளும், இயேசு சொன்ன கதை அது. மூல ஓவியம் ரஷ்யாவின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் எட்டடிக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது. என்னுடையது ஒரு முழம்கூட இல்லை, வண்ணமும் மங்கல். ஆனால் அந்தக் கதை வரும் லூக்கா 15ஆம் அதிகாரத்தை எத்தனையோ முறை வாசித்தும் என் மனதில் இறங்காத ஒன்றை இந்தக் காகிதம்தான் இறக்கியது.

மண்டியிட்டிருக்கும் மகனின் இடது காலைப் பாருங்கள். செருப்பு கழன்று கிடக்கிறது. நடந்து தேய்ந்த உள்ளங்கால் நம் பக்கம் திரும்பியிருக்கிறது. மற்றக் காலில் இருப்பதும் பிய்ந்த செருப்புதான். "கால்களுக்குப் பாதரட்சைகளையும் போடுங்கள்" என்று தகப்பன் ஏன் சொன்னார் என அதுவரை நான் யோசித்ததே இல்லை. அன்று அந்த வசனத்தைத் தாண்ட முடியாமல் அழுதேன்.

மூலத்தின் முன் எவ்வளவு நேரம்தான் நிற்க முடியும்? நகலோ நான் காய்ச்சலில் கிடந்தாலும், கோபத்தோடு வீடு திரும்பினாலும் அங்கேயே இருக்கிறது. குருவானவர் ஹென்றி நௌவெனை 1983இல் பிரான்சில் தடுத்து நிறுத்தியதும் இதே ஓவியத்தின் சுவரொட்டிதான். மூலத்தை அவர் பார்த்தது 1986இல்.

உருவங்களை வணங்காதே என்று சொல்லும் யாத்திராகமம் 20ஐ நானும் பயபக்தியோடுதான் வாசிக்கிறேன். படத்திடம் நான் எதையும் கேட்பதில்லை; கண்ணை மூடிய பிறகு பேசுவது பிதாவிடம். கி.பி. 600 வாக்கில் மார்செய் நகர ஆயர் செரேனுஸ் தேவாலயப் படங்களை உடைத்தபோது, வணங்கக் கூடாது என்ற அவருடைய வைராக்கியத்தைப் போப் கிரகோரி மெச்சினார், உடைத்ததைக் கண்டித்தார். எழுத்தறியாதவர்கள் சுவர்களில் வாசிக்கிறார்கள் என்பது போப்பின் வாதம். எழுத்தறிந்த நானும் அப்படித்தான் வாசித்திருக்கிறேன்.

எல்லாப் படமும் இதைச் செய்யாது. பளபளப்பும் ஒளிவட்டமும் மட்டுமே உள்ள படங்களை ஒரு வாரத்தில் கண் மறந்துவிடுகிறது.

சில மாதங்களாக என் பார்வை வலப்பக்கம் நிற்கும் மூத்த மகனிடம் போகிறது; தம்பிக்குக் கிடைத்த வரவேற்பைக் கண்டு கோபித்தவன் அவன். தகப்பனின் கைகள் இளையவன் முதுகில் விரிந்திருக்கின்றன. இவன் கைகளைக் கோத்தபடி நிமிர்ந்து நிற்கிறான். நான் மன்னிக்காத ஒருவருடைய பெயர் அப்போது நினைவுக்கு வருகிறது. இன்று காலையும் வந்தது.