"கையில எவ்வளவு வேணும்?" எண்டு கேக்கிற புரோக்கருக்குத் தொகை சொல்லாதேங்கோ

யாழ்ப்பாணத்தில வீடு விக்க வெளிக்கிட்ட ஆக்களிட்டப் புரோக்கர் முதல்ல கேக்கிறது உறுதி (காணிப் பத்திரம்) இல்லை, தோம்பு (காணிப் பதிவகத்துப் பதிவு) இல்லை, வரைபடம் இல்லை. "உங்கட கையில எவ்வளவு வேணும்?" அதுதான் முதல் கேள்வி. முழு அநியாயமும் அதிலதான் தொடங்குது. கேக்கக் கேக்க வயிறு எரியுது.

கோண்டாவில் பக்கம் 4 பரப்பு (பரப்பு எண்டது இஞ்சத்தைக் காணி அளவு) வளவும் ஒரு கல்வீடும் எண்டு வையுங்கோ. "3 கோடி வந்தாக் காணும்" எண்டு விக்கிறவர் வாய் விட்டிட்டார். அதுக்குப் பிறகு புரோக்கர் அவருக்காக வேலை செய்யிறதில்லை. வேண்ட வாறவருக்கு 3 கோடி 40 இலட்சம் எண்டு சொல்லுவார். நடுவில நிக்கிற 40 இலட்சமும் அவருக்கு. அதுக்கு மேல ரெண்டு பக்கமும் கொமிசன் வேற. 2 வீதம் எண்டாலே 3 கோடிக்கு 6 இலட்சம்.

இதுக்கு அவர் கதைக்கிற கதை இருக்கே! விக்கிறவரிட்ட, "வீடு பழசு, ஆரும் இடிச்சுத்தான் கட்டுவினம், காணிக்கு மட்டும்தான் விலை." அடுத்த நாள் வேண்டுறவரிட்ட, "இந்தக் காலத்தில இப்பிடி ஒரு வீடு கட்டேலுமோ? வீட்டுக்குத் தனிய விலை போடோணும்." ரெண்டு பேரையும் நேரில கதைக்க விடமாட்டார். "அவை வெளிநாட்டில, ஒருத்தரோடையும் கதைக்காயினம்" எண்டு சொல்லிச் சொல்லியே, உறுதி எழுதுற அண்டைக்குத்தான் நொத்தாரிசின்ர மேசையில முகத்தைக் காட்டுவிப்பார்.

ஒரு புரோக்கர் இன்னொருவருக்குச் சொல்லி, அவர் மற்றவருக்குச் சொல்லி, ஒவ்வொரு கையிலயும் விலை ஏறுது. ஒரே வீடு பேஸ்புக்கில மூண்டு விலையில கிடக்கும். பாக்கிற சனம் என்ன நினைக்கும்? "இதில ஏதோ வில்லங்கம் இருக்கு" எண்டு ஒதுங்கிப் போகும். நல்ல வீடு விலைபோகாமக் கிடக்கிறதுக்கு இது பெரிய காரணம்.

இதை விட மோசம் ஒண்டு இருக்கு. 5 இலட்சம் முற்பணம் தந்து, 6 மாசத்துக்கு விற்பனை உடன்படிக்கை எழுதுவிக்கிறது. அவர் வேண்டப் போறதில்லை. அந்த 6 மாசத்துக்குள்ள ஆள் தேடிப் பிடிச்சு மேல்விலையை எடுக்கிறதுதான் நோக்கம். ஆள் கிடைக்காட்டிப் பேசாமப் போயிடுவார். ஆனா அந்த உடன்படிக்கை காணிப் பதிவகத்தில பதிஞ்சிருந்தா, பிறகு வாறவரின்ர நொத்தாரிசு தோம்பு பாக்கேக்க அது முன்னுக்கு நிக்கும். அதை ரத்துச் செய்ய அதே ஆளின்ர கையெழுத்துக்குப் பின்னால அலையோணும்.

உறுதியில விலையைக் குறைச்சு எழுதுறதும் இவையின்ர யோசனைதான். முத்திரைத் தீர்வை முதல் 1 இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். 3 கோடிக்குக் கிட்டத்தட்ட 12 இலட்சம். அதை வழமையா வேண்டுறவர்தான் கட்டுறது. அப்ப குறைச்சு எழுதி லாபம் ஆருக்கு? விக்கிறவருக்கு மிஞ்சுறது கணக்குக் காட்டேலாத காசு.

சொத்தை வித்து வாற ஆதாயத்துக்குக் கட்டுற மூலதன ஆதாய வரியைப் பற்றி ஒரு புரோக்கரும் மூச்சு விடுறதில்லை. அது விக்கிறவரின்ர தலையில. சொந்தமா 3 வருசம் வைச்சிருந்து, அதில 2 வருசமாவது குடியிருந்த வீட்டுக்கு விலக்கு இருக்கு. கனடாவில, லண்டனில இருக்கிறவை இஞ்ச பூட்டிக் கிடந்த வீட்டை வித்தா அந்த விலக்குக் கிடையாது. 2017 செப்டெம்பர் 30க்கு முதலே கையில இருந்த பழைய சொத்துக்கு, அண்டைய பெறுமதியை வைச்சுத்தான் ஆதாயம் பாக்கிறது. அதுக்கு மதிப்பீட்டு அறிக்கை முதலே எடுத்து வைக்கோணும்.

உருப்படியாச் செய்ய வேண்டிய வேலையை ஒருத்தரும் செய்யிறேல்லை, அதுதான் ஆத்திரம். பழைய உறுதியில 4 பரப்பு எண்டு கிடக்கும். பக்கத்து வளவுக்காரர் வேலியை அரக்கி அரக்கி, அளந்து பாத்தா மூண்டரை. பரப்பு 50 இலட்சம் எண்டா அரைப் பரப்பு 25 இலட்சம்! விலை பேச முதல் நில அளவையாளரைக் கூப்பிட்டா முடிஞ்சிருக்கும். பங்குக் கிணறு, பொது ஒழுங்கை எல்லாம் உறுதியில சரியா இருக்கோ எண்டும் அப்பவே பாக்கலாம்.

சீதன வீடு மனுசியின்ர பேரில இருந்தா, தேசவழமைப்படி (யாழ்ப்பாணத் தமிழரின்ர வழமைச் சட்டம்) புருசன்ர எழுத்துச் சம்மதம் வேணும். சகோதரங்கள் பங்காளியா இருந்தா 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி அவைக்கு முதல்ல வேண்டுற உரிமை இருக்கு; சொல்லாம வித்தா வழக்கு வரும். இதெல்லாம் தெரிஞ்ச நேர்மையான புரோக்கர்மாரும் இருக்கினம். அவை "கையில எவ்வளவு" எண்டு கேக்காயினம், உறுதியைத்தான் கேப்பினம்.

தொகை கேட்டா, "விலையை வேண்டுறவரோட நான் நேர கதைப்பன், உங்களுக்கு இத்தனை வீதம்" எண்டு சொல்லுங்கோ. வீதத்தைக் கடதாசியில எழுதிக் கையெழுத்து வாங்குங்கோ. மேல்விலை எடுக்கேலாது எண்டதும் அதிலயே இருக்கோணும். உறுதி முடிஞ்சு, முழுக்காசும் உங்கட வங்கிக் கணக்கில விழுந்த பிறகுதான் கொமிசன்.