கட்டலோனியாவைக் கோர்ட்டில் தீர்க்க முடியாது

ஸ்பெயினின் வடகிழக்குப் பகுதியான கட்டலோனியா என்றாலே எல்லாரும், தனிநாடாகப் பிரிவது பற்றி ஸ்பெயின் அரசின் ஒப்புதல் இல்லாமல் அங்கே வாக்கெடுப்பு நடந்த 2017 அக்டோபர் 1-இலிருந்துதான் பேசுகிறார்கள். வாக்குப்பெட்டிகளைப் பறிக்கப் பள்ளிக்கூடங்களுக்குள் போலீஸ் புகுந்ததையும், ஓட்டுப்போட வந்த வயதானவர்கள் இழுத்துத் தள்ளப்பட்டதையும் உலகமே பார்த்தது. ஆனால் விவகாரம் கெட்டது அன்றைக்கு அல்ல, 2010 ஜூனில்.

2006-இல் கட்டலோனியாவுக்குப் புதிய தன்னாட்சிச் சட்டம் வந்தது. அது பிரிவினை அல்ல, ஸ்பெயினுக்குள் இருந்துகொண்டே கூடுதல் அதிகாரம். கட்டலோனியத் தலைநகர் பார்சலோனா அனுப்பிய வரைவை, ஸ்பெயின் தலைநகர் மாட்ரிட்டில் உள்ள நாடாளுமன்றம் வெட்டிக் குறைத்துத்தான் நிறைவேற்றியது. குறைத்ததையும் மக்கள் பொதுவாக்கெடுப்பில் ஏற்றுக்கொண்டார்கள். அதற்கப்புறமும் வலதுசாரி மக்கள் கட்சி வழக்குப் போட்டது. நான்கு வருடம் கழித்து அரசியல் சாசன நீதிமன்றம் 14 பிரிவுகளில் கை வைத்தது. அரசு அலுவலகங்களில் கட்டலான் மொழிக்கு இருந்த முன்னுரிமையும் போனது. முறைப்படி கேட்டு, பேரம் பேசி, ஓட்டுப்போட்டு வாங்கியதே நிலைக்காது என்றால் அந்த மக்கள் வேறு எங்கே போவார்கள்? 2006 கருத்துக்கணிப்புகளில் தனிநாடு கேட்டவர்கள் நூற்றுக்குப் பதினைந்து பேர் அளவில்தான். 2013-இல் கிட்டத்தட்டப் பாதிப் பேர். நடுவில் வந்த பொருளாதார நெருக்கடிக்கும் அதில் பங்கு உண்டு, மறுக்கவில்லை.

பிரிவினைத் தலைவர்கள் செய்ததெல்லாம் சரி என்றும் சொல்ல மாட்டேன். எதிர்க்கட்சிகள் வெளிநடப்பு செய்த கட்டலோனியச் சட்டமன்றத்தில் 2017 வாக்கெடுப்புக்கான சட்டத்தை அவசர அவசரமாக நிறைவேற்றினார்கள். ஓட்டுப்போட்டவர்கள் சுமார் 43 சதவீதம், அதில் 90 சதவீதம் ‘ஆம்’. பிரிய விரும்பாதவர்களில் பெரும்பாலோர் வரவே இல்லை. அவர்களும் கட்டலோனியர்கள்தானே! அந்த முடிவை வைத்துக்கொண்டு தனிநாடு அறிவித்தது பெரிய தவறு.

சரி, தவறுதான். அதற்காகச் சிறையா? 2019-இல் ஸ்பெயின் உச்ச நீதிமன்றம் ஒன்பது பேருக்கு 9 முதல் 13 ஆண்டு வரை தண்டனை கொடுத்தது. கட்டலோனியாவின் துணை முதல்வராக இருந்த ஒரியோல் ஜுன்கேராசுக்கு 13 ஆண்டு. இவர்களில் யாரும் துப்பாக்கி தூக்கவில்லை.

நாடு பிரிக்க முடியாதது என்று 1978 சாசனம் சொல்கிறது என்பார்கள். சாசனத்தைத் திருத்த வழி இருக்கிறது, மாட்ரிட்டுக்கு மனம்தான் இல்லை. பிரிட்டன் ஸ்காட்லாந்தோடு 2012-இல் ஒப்பந்தம் போட்டு, 2014-இல் வாக்கெடுப்பு நடத்தியது. 55 சதவீதம் பேர் சேர்ந்திருப்போம் என்றார்கள். ஒருவர்கூடச் சிறைக்குப் போகவில்லை.

2021-இல் ஸ்பெயின் பிரதமர் பெத்ரோ சான்செஸின் அரசு அந்த ஒன்பது பேரையும் மன்னித்து விடுவித்தது. 2024 மே மாதத் தேர்தலில் பிரிவினைக் கட்சிகள் கட்டலோனியச் சட்டமன்றத்தில் பெரும்பான்மையை இழந்தன. இரு தரப்பும் ஒப்புக்கொண்ட ஒரு வாக்கெடுப்புக்கு இதைவிட நல்ல நேரம் மாட்ரிட்டுக்கு வாய்க்காது. இன்று நடத்தினால் சேர்ந்திருக்கவே அதிகம் பேர் ஓட்டுப்போடுவார்கள் என்று நம்புகிறேன். பிரிந்துபோக முடிவு செய்தாலும், அது அவர்கள் முடிவு.