பிளவுஸுக்கு மூன்று ட்ரையல், கோட்டுக்கு அரை மணி நேரமா?

கல்யாணப் பெண்ணின் பிளவுஸுக்கு நம் வீடுகளில் எவ்வளவு பாடுபடுகிறோம் என்று யோசித்துப் பாருங்கள். புடவை எடுத்த மறுநாளே நல்ல தையல்காரரைப் பிடித்தாக வேண்டும். ஆரி வேலைக்குத் தனியாக ஒருவர். கழுத்து எவ்வளவு இறங்கணும், கை எங்கே முடியணும், முதுகில் கயிறா ஹூக்கா என்று அம்மா, சித்தி, அத்தை எல்லோரும் கூடிப் பேசுவார்கள். மூன்று தடவை போட்டுப் பார்த்த பிறகும், கடைசி வாரத்தில் பெண் இளைத்துவிட்டாள் என்று மறுபடி பிடித்துத் தைப்போம்.

மாப்பிள்ளையின் ரிசப்ஷன் கோட்டுக்கு? பத்திரிகை வைக்கப் போகிற வழியில் பாண்டி பஜாரில் ஒரு கடையில் ஏறி, தொங்குகிறதில் ஒன்றை மாட்டிப் பார்த்து, "பட்டன் போட முடியுதில்ல? அப்ப சரி" என்று வாங்கி வந்துவிடுகிறோம். எல்லாம் சேர்ந்து அரை மணி நேரம்.

அதன் பலனை அந்தப் பையன்தான் மேடையில் நின்று அனுபவிக்கிறான். தோள் தையல் தோளை விட்டு இறங்கிக் கையில் நிற்கும். கோட்டின் கை கட்டைவிரல் வரை வந்து சட்டைக் கையை முழுங்கிவிடும். பின்கழுத்தில் காலர் ஒட்டாமல் விலகி நிற்கும். பட்டனைச் சுற்றிப் பெருக்கல் குறி மாதிரி சுருக்கம் விழும். வருகிறவர்களுக்குக் கை கொடுக்க நீட்டும்போதெல்லாம் கோட் மொத்தமும் மேலே ஏறும், அவன் இறக்கிவிட்டுக்கொண்டே இருப்பான். பக்கத்தில் நிற்கிற பெண் தன் உடம்புக்கென்றே தைத்ததைப் போட்டிருக்கிறாள். இவனோ யாருக்கோ தைத்ததைப் போட்டுக்கொண்டு நிற்கிறான். ஆல்பத்தில் இந்த வித்தியாசம் ஆயுசுக்கும் இருக்கும். எனக்கு இதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கஷ்டப்படுகிறது. பையன்கள் அசிங்கமாக இல்லை. அவர்களுக்காக யாரும் மெனக்கெடவில்லை, அவ்வளவுதான்.

நன்றாகப் பொருந்திய கோட் ஓர் ஆணை அழகாக்குகிறதா? ஆக்குகிறது. பெண்ணாக இதைச் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். கறுப்போ, குள்ளமோ, தொப்பையோ, முன்வழுக்கையோ, எதுவாக இருந்தாலும் ஆக்குகிறது. கோட்டின் வேலையே அதுதான். தோளைச் சற்று எடுத்துக் காட்டும், இடுப்பைச் சற்று உள்ளே பிடிக்கும், முன்பக்கத்து இரண்டு மடிப்புகளும் சேர்ந்து பார்க்கிறவர் கண்ணை வயிற்றிலிருந்து முகத்துக்கு ஏற்றிவிடும். உடம்பை மறைப்பதைவிட ஒழுங்குபடுத்துவதுதான் அது செய்கிற காரியம். ஆனால் இவ்வளவும் நடக்க வேண்டுமானால் அது அந்த உடம்புக்குப் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் எந்தப் பெரிய பிராண்டாக இருந்தாலும், எத்தனை ஆயிரம் கொடுத்திருந்தாலும் பிரயோஜனமில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எனக்குக் கவர்ச்சியாகத் தெரிவது கோட்டை விட அந்த ஆணின் கை. பொருந்திய கோட் போட்டவன் அதைத் தொடவே மாட்டான். கை சும்மா இருக்கும், எதிரே இருப்பவரைப் பார்த்துப் பேசுவான். பொருந்தாததைப் போட்டவனின் கை ஓயவே ஓயாது. பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு நிறுவனத்தில் ஆள் எடுக்கிற வேலை எனக்கு. கல்லூரி முடித்த பையன்கள் நேர்முகத்துக்கு வருவார்கள். கோட் போட்டுத்தான் போக வேண்டும் என்று கல்லூரியிலேயே சொல்லி அனுப்புகிறார்கள். அண்ணனுடையது, சீனியருடையது, ஹாஸ்டலில் நான்கு பேர் மாற்றி மாற்றிப் போடுவது. பின்பக்க வெட்டில் கடையில் போட்டுக் கொடுத்த குறுக்குத் தையல் பிரிக்காமல் அப்படியே இருக்கும். பாடத்தில் கேட்டால் பளிச்சென்று பதில் வரும், ஆனால் பாதிப் புத்தி கோட்டின் கையை மேலே தள்ளுவதிலேயே இருக்கும். "கோட்டைக் கழட்டிட்டு வசதியா உட்காருங்க தம்பி" என்று சொன்னதும் பல பையன்களுக்குக் குரலே மாறிவிடுகிறது. கோட் தன்னம்பிக்கை தரும் என்று சொல்லி மாட்டிவிட்டது, இருந்த தன்னம்பிக்கையையும் எடுத்துவிடுகிறது.

இது என் கண்ணுக்கு மட்டும் தெரிகிற விஷயமா என்றால், இல்லை. 2013-ல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு ஒன்றில், ஒரே ஆணை அளவெடுத்துத் தைத்த கோட்-சூட்டிலும் அதே போன்ற ரெடிமேட் கோட்-சூட்டிலும் படமெடுத்து, முகத்தை மறைத்து, சில நொடிகள் மட்டுமே காட்டியிருக்கிறார்கள். அளவெடுத்துத் தைத்ததில் இருந்தபோது அவரைக் கூடுதல் தன்னம்பிக்கை உள்ளவர், வெற்றி பெற்றவர், அதிகம் சம்பாதிப்பவர் என்று பார்த்தவர்கள் மதிப்பிட்டார்கள். ஆளும் ஒன்று, உடை வகையும் ஒன்று. அந்தச் சின்ன வித்தியாசத்தை அத்தனை சீக்கிரம் பிடிக்கிறது மனிதக் கண்.

போட்டுக்கொண்டவரின் மனசுக்கு என்ன ஆகிறது என்பதில் மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும். 2012-ல் ஆடம், கலின்ஸ்கி என்ற இரண்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வைப் பலரும் மேற்கோள் காட்டுவார்கள். ஒரே வெள்ளைக் கோட்டை 'டாக்டர் கோட்' என்று சொல்லிப் போடச் சொன்னவர்கள், 'ஓவியர் கோட்' என்று சொல்லிப் போடச் சொன்னவர்களை விடக் கவனச் சோதனையில் நன்றாகச் செய்தார்கள் என்பது அதில் ஒரு முடிவு. 2019-ல் அந்த ஆய்வின் இன்னொரு சோதனையை வேறு குழுவினர் திரும்பச் செய்து பார்த்தபோது அதில் சொன்ன பலன் கிடைக்கவில்லை. ஆகவே கோட் போட்டால் மூளை வேகமாக ஓடும் என்று யாராவது வகுப்பெடுத்தால் நம்ப வேண்டாம். நான் சொல்வது அதைவிடச் சாதாரணமானது. உடை உறுத்தாதபோது மனுஷனுக்குத் தன்னைப் பற்றிய கவலை ஒன்று குறைகிறது.

பணம் என்ற விஷயத்தையும் மறைக்க விரும்பவில்லை. 1990-ல் அமெரிக்காவில் டவுன்செண்ட், லெவி என்ற இருவர், ஒரே ஆண்களைப் பர்கர் கடைச் சீருடையிலும் கோட்-டையிலும் படமெடுத்துப் பெண்களிடம் காட்டினார்கள். உடை மாறியதும் பெண்களின் விருப்பமும் மாறியது. அங்கே வேலை செய்தது அந்தஸ்து. நம் ஊரிலும் கோட் என்றால் காசு, ஆங்கிலம், ஏசி அறை என்றுதான் மனசில் பதிந்திருக்கிறது. அந்தக் கவர்ச்சியை நான் இங்கே தூக்கிப்பிடிக்கவில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது, தன் உடம்பை ஒருவர் அக்கறையாகப் பார்த்து அளந்து தைத்துக் கொடுத்தார் என்ற உணர்வு. அது நம் ஆண்களுக்குக் கிடைப்பதே இல்லை.

என் தம்பி கல்யாணத்துக்கு அதைக் கண்ணால் பார்த்தேன். ராயப்பேட்டையில் ஒரு சின்னக் கடை, கோட் மட்டும் தைக்கிற பாய் ஒருவர். தம்பிக்குச் சின்ன வயதிலிருந்தே உடம்பைப் பற்றிக் கூச்சம். ஒல்லி, கொஞ்சம் கூன். டேப்பை எடுத்ததும் மார்பை நிமிர்த்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். பாய் டேப்பைக் கழுத்திலேயே விட்டுவிட்டுச் சொன்னார்: "நிமிர்ந்து நிக்காத தம்பி. எப்பவும் எப்படி நிப்பியோ அப்படி நில்லு. கோட் அந்த ஆளுக்குத்தான் தைக்கணும்." அப்புறம் பின்னால் போய் நின்று கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டே இருந்தார். "வலது தோள் சித்த எறக்கம்மா, பை மாட்டுற தோள். நெறைய பேருக்கு இருக்கும். அந்தப் பக்கம் பேட் கொஞ்சம் ஏத்திக்கலாம்" என்று என்னிடம் சொல்லிவிட்டு நோட்டில் எழுதினார். குறை சொல்கிற தொனியே இல்லை. மார்பு, இடுப்பு, கை நீளம் வரிசையில் அதுவும் ஓர் அளவு, அவ்வளவுதான்.

ட்ரையலுக்குப் போனபோது கோட் வெள்ளை நூல் தையலோடு பாதி முடிந்து இருந்தது. ஒரு கை மட்டும் வைத்திருந்தது. போட்டுவிட்டு, சாக்பீஸால் முதுகில் இரண்டு கோடு போட்டார், பின்கழுத்தில் துணியை விரல் நுனியால் ஒரு மயிரிழை கிள்ளிப் பிடித்து ஊசி குத்தினார். அந்த நொடியில் முதுகில் இருந்த மடிப்பு அப்படியே காணாமல் போனது. தம்பி கண்ணாடியில் முன்பக்கம் பார்த்தான், திரும்பி நின்று தோளுக்கு மேலே பின்பக்கம் பார்த்தான். "அக்கா, ஒரு போட்டோ எடேன்" என்றான். எங்கள் வீட்டு விசேஷ ஆல்பங்களில் எல்லாம் கடைசி வரிசையில் யார் தலைக்குப் பின்னாலாவது ஒளிந்து நிற்கிறவன் அவன்.

"ஆம்பளைக்கு என்னடா அலங்காரம்" என்று சொல்லிச் சொல்லியே வளர்த்துவிட்டோம். கண்ணாடி முன்னால் ஐந்து நிமிடம் அதிகம் நின்றால் கிண்டல். உடம்பைப் பற்றி அவன் காதில் விழுவதெல்லாம் ஒல்லி, குண்டு, கறுப்பு, வழுக்கை என்ற பட்டப்பெயர்கள்தான். அப்படி வளர்ந்தவன் கல்யாணத்தன்று மட்டும் திடீரென்று மேடையில் கம்பீரமாக நிற்க வேண்டும் என்றால் எப்படி நிற்பான்?

உடுப்பு என்பது இந்த மண்ணில் ஒருநாளும் வெறும் ஷோக்காக இருந்ததில்லை. திருவல்லிக்கேணித் தெருக்களில் நடந்த பாரதியை நாம் நினைவில் வைத்திருப்பதே அந்தக் கறுப்புக் கோட்டோடும் முண்டாசோடும்தான். 1921 செப்டம்பரில் மதுரையில் காந்தி மேலாடையைத் துறந்தார், ஏழையோடு ஏழையாக நிற்க. அம்பேத்கர் கோட்டும் டையும் அணிந்தே நின்றார். நல்ல துணி உடுத்தக்கூடாது என்று தலைமுறை தலைமுறையாகத் தடுக்கப்பட்ட மக்களின் தலைவர் அவர். ஊர்தோறும் சிலைகளில் அந்த நீலக் கோட் இருப்பதற்கு ஓர் அர்த்தம் இருக்கிறது. நானும் உன் எதிரே சமமாக உட்காருவேன் என்பது அது. இதைத் தெரிந்தவர்கள் யாரும் ஒரு பையன் நல்ல கோட்டுக்கு ஆசைப்பட்டால் பந்தா என்று சொல்ல மாட்டார்கள்.

அதே கோட் இன்னொருவரை வெளியே நிறுத்துகிற வேலியாகவும் ஆகிறது, அதையும் பார்த்தோம். 2014-ல் சேப்பாக்கத்தில் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் கிளப்பில், வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியையே உள்ளே விடவில்லை. அந்த ஆண்டே அப்படித் தடுப்பது குற்றம் என்று சட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று. கட்டாயப்படுத்துகிற இடத்தில் கோட் அழகையும் கெடுக்கும், ஆளையும் கெடுக்கும். கத்திரி வெயிலில் பாரிமுனைப் பக்கம் கறுப்புக் கோட்டோடு ஓடுகிற இளம் வக்கீல்களைப் பார்த்தாலே தெரியும். கோடையில் உச்ச நீதிமன்றம், உயர் நீதிமன்றங்கள் தவிர மற்ற கோர்ட்டுகளில் கோட் கட்டாயமில்லை என்று பார் கவுன்சில் விதியே இருக்கிறது. வக்கீல்களுக்கே அந்தச் சலுகை இருக்கும்போது, மே மாதம் பஸ் பிடித்து வருகிற இருபத்தொரு வயதுப் பையனுக்குக் கோட் கட்டாயம் என்று சொல்லாதீர்கள் என்று கல்லூரிகளின் பிளேஸ்மென்ட் அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறேன். தோளுக்குப் பொருந்திய வெள்ளைச் சட்டையும் இடுப்பில் நிற்கிற பேன்டும் போதும். எங்கள் பக்கம் யாரும் கோட்டுக்கு மார்க் போடுவதில்லை.

வேட்டி சட்டையில் கம்பீரமாக இருக்கிறவர்கள் கோட் பக்கமே போக வேண்டாம். ஆனால் சட்டையின் தோள் சரியாக இருக்க வேண்டும், அது எல்லாவற்றுக்கும் பொது.

கோட் போட ஆசைப்படுகிறவர்களுக்கு, தைக்கக் காசு கட்டுப்படியாகவில்லை என்றாலும் வழி உண்டு. ரெடிமேட் வாங்கும்போது தோளை மட்டும் பாருங்கள். தோள் எலும்பு முடிகிற இடத்தில் தையல் முடிய வேண்டும். தோள் சரியாக இருந்தால் இடுப்பைப் பிடிப்பது, கையைக் குறைப்பது எல்லாம் ஆல்டரேஷன் கடையில் ஆகிற வேலை. தோளை மாற்ற வேண்டுமென்றால் கோட்டையே பிரித்தாக வேண்டும், அது கட்டுப்படியாகாது. கோட்டின் கை, சட்டைக் கை ஒரு சென்டிமீட்டராவது வெளியே தெரிகிற மாதிரி இருக்கட்டும். பின்வெட்டில் உள்ள குறுக்குத் தையலையும் கையில் தைத்திருக்கிற பிராண்டு துணியையும் மறக்காமல் பிரித்துவிடுங்கள். இரண்டு பட்டன் கோட்டில் கீழ்ப்பட்டனைப் போடாதீர்கள், அது போடுவதற்கு வெட்டப்பட்டதே இல்லை. பாலியெஸ்டர் மினுமினுப்புக்கு மயங்காதீர்கள். வியர்வையை உள்ளேயே அடைத்து வைக்கும், வீடியோ லைட்டில் எண்ணெய் தடவின மாதிரி பளபளக்கும். சென்னைக்கு மெல்லிய வுல் துணியும், முதுகில் பாதி மட்டும் லைனிங் வைத்த கோட்டும் நல்லது. வுல் என்றாலே சூடு என்று பயப்பட வேண்டாம், மெல்லிய நெசவில் காற்று போகும். விலை குறைந்த கோட்டுகளில் முன்பக்கத்து உள்துணியைப் பசை வைத்து ஒட்டியிருப்பார்கள். சில டிரைகிளீனிங்குக்குப் பிறகு அது அங்கங்கே கொப்புளம் கட்டலாம், அதனால் அடிக்கடி சலவைக்குப் போடாமல் நிழலில் காற்றாட விடுங்கள்.

தைப்பதாக இருந்தால், பத்திரிகை அடிக்கக் கொடுக்கிற அன்றே அளவும் கொடுத்துவிடுங்கள். ஆவணியில் கல்யாணம் என்றால் ஆடியிலேயே போங்கள். முகூர்த்தம் இல்லாத மாதம், தைக்கிறவருக்கும் மூச்சு விட நேரம் இருக்கும், ட்ரையலும் நிதானமாகப் பார்க்கலாம். அன்றைக்குப் போடப்போகிற சட்டையையும் ஷூவையும் கையோடு எடுத்துப் போங்கள். கூட அக்காவோ அம்மாவோ கட்டிக்கப்போகிற பெண்ணோ யாராவது ஒருவர் போய், பின்பக்கம் எப்படி இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள், அவனால் அதைப் பார்க்க முடியாது.