ஒரு கம்பிதானே என்று இனி யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்

"ஒரு கம்பிதானே, கழட்டிட்டு வேற ஒண்ண மாட்டிவிடுங்க, பத்து நிமிஷ வேலை." ஓசூர் சிப்காட்டில் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்க்கிற எல்லோரும் இந்தச் சொல்லைக் கேட்டிருப்பீர்கள். நான் பதினாறு ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். சென்ற வியாழக்கிழமை இரவு மறுபடியும் கேட்டேன். அந்தச் சொல்லுக்கு விலையாக, ஐடிஐ முடித்துவிட்டுப் பயிற்சிக்கு வந்திருக்கும் ஒரு பையனின் புருவத்தில் மூன்று தையல் விழுந்தது. அரை அங்குலம் கீழே பட்டிருந்தால் கண் போயிருக்கும். இதை எழுதும்போதும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

எங்கள் ஹைட்ராலிக் பிரஸ்ஸின் ராம், அதாவது மேலிருந்து இறங்கி அழுத்தும் பகுதி, எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதைச் சொல்வது, மேலே முகட்டில் பொருத்தியிருக்கும் டிரா வயர் சென்சார். கொத்தனார் இடுப்பில் செருகியிருக்கும் ஸ்டீல் டேப்பைப் போலத்தான் அதுவும் வேலை செய்கிறது. உள்ளே ஒரு டிரம், டிரம்மைச் சுற்றி மெல்லிய எஃகுக் கம்பி, டிரம்மின் ஒரு பக்கத்தில் சுருள் ஸ்பிரிங், மறு பக்கத்தில் சுற்றுகளை எண்ணும் பொட்டென்ஷியோமீட்டர். கம்பியின் நுனியில் உள்ள கொக்கியை ராமில் ஸ்குரூ போட்டு மாட்டியிருக்கும். ராம் இறங்கும்போது கம்பி வெளியே வருகிறது, ஸ்பிரிங் இறுகுகிறது. ராம் ஏறும்போது ஸ்பிரிங் கம்பியை உள்ளே இழுத்துக்கொள்கிறது. கம்பியின் இழுவிசை 8 நியூட்டன் அளவுதான், அதாவது முக்கால் கிலோ எடைக்குச் சற்று மேல். விரலால் பிடித்து இழுத்துப் பார்க்கிறவர்கள் எல்லோரும் "இவ்வளவுதானா" என்று நினைத்துக்கொள்வது இதனால்தான். ஒரு மீட்டருக்கு மேல் வெளியே வந்து நிற்கும் கம்பியை அப்படியே விட்டுவிட்டால், அந்த முக்கால் கிலோ வழி நெடுகிலும் இழுத்துக்கொண்டே போகும் என்பதையும், நுனியில் உள்ள இரும்புக் கொக்கி கண் இமைப்பதற்குள் சென்சார் பெட்டிக்கு வந்து சேரும் என்பதையும் அவர்கள் நினைப்பதில்லை.

கம்பி திடீரென்று கெட்டுப்போகவும் இல்லை. கார்த்திகையிலேயே அதன் நைலான் உறை உரியத் தொடங்கியிருந்தது. அந்தக் கம்பி ஏழேழு இழைகளாக முறுக்கிய ஏழு புரிகளால் ஆனது. மொத்தம் நாற்பத்தொன்பது இழை, எல்லாம் சேர்ந்தே 0.6 மில்லிமீட்டர் தடிமன். அதில் நான்கைந்து இழைகள் அறுந்து, பூனை மீசை போல வெளியே நீட்டிக்கொண்டு, பெட்டியின் வாயில் கம்பி நுழையும் வளையமான புஷ்ஷில் உரசிக்கொண்டிருந்தன. காதை அருகில் வைத்தால், ராம் ஏறும்போது "சிர்ர்" என்று ஒரு சத்தம் கேட்கும். திரையில் எண் தாவும்; ராம் சில நேரம் 5 மில்லிமீட்டர் முன்னே நிற்கும், சில நேரம் பின்னே நிற்கும். மாற்றுக் கம்பி வேண்டும் என்று மூன்று முறை எழுதிக் கொடுத்தேன். மூன்று முறையும் "ஓடுதுல்ல, ஓடட்டும்" என்பதே பதில்.

வியாழக்கிழமை இரவு இரண்டே முக்கால் மணி. ஓசூரில் தை மாதத்து அதிகாலைக் குளிர் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஸ்பேனரைத் தொட்டாலே விரல் மரத்துப்போகும். அளவு தப்பியதால் ஒரு டிரே நிறைய பாகங்கள் கழிவுக்குப் போயின. அப்போதுதான் கம்பியை மாற்ற அனுமதி வந்தது. ராமை முழுதாக மேலே ஏற்றி, அடியில் தாங்குகட்டை வைத்து, மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுப் போட்டு, ஹைட்ராலிக் அழுத்தத்தையும் இறக்கிவிட்டுத்தான் கம்பியைத் தொடுவேன் என்றேன். ராம் மேலே இருந்தால் கம்பி ஒரு சாண்தான் வெளியே இருக்கும். தவறினாலும் பெரிய அடி படாது. ஷிஃப்ட் பொறுப்பாளர் கடிகாரத்தைப் பார்த்தார். ராம் அப்போது கீழே இருக்கும் அச்சான டையின் மேல் இறங்கி நின்றது. "அதை மேல ஏத்தி, கட்டை வெச்சு, அதுக்கே இருபது நிமிஷம் ஆகும்ணா. கீழ இருக்கிறதுதான் சேஃப்டி, ராம் இனி எங்க விழப்போகுது?" என்றார். ராம் விழாது என்பது உண்மைதான். ஆனால் ராம் கீழே நின்றால் கம்பி 1,100 மில்லிமீட்டர் வெளியே நிற்கிறது, ஸ்பிரிங் அந்த அளவுக்கு இறுகி நிற்கிறது என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் திரும்பி நடந்துவிட்டார்.

நான் மின்பலகைக்குப் போய், மின்சாரத்தைத் துண்டிக்கும் ஐசொலேட்டரை இறக்கிப் பூட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு நிமிடம்கூட இருக்காது. அதற்குள் பொறுப்பாளர் பையனைக் கூப்பிட்டு, "தம்பி, அந்தக் கொக்கி ஸ்குரூவை மட்டும் கழட்டி வை, அண்ணன் வந்து பார்த்துக்குவாரு" என்று சொல்லியிருக்கிறார். பொறுப்பாளர் சொன்னதை மறுக்கும் நிலையில் எந்தப் பயிற்சிப் பையன் இருக்கிறான்? அவன் தேன்கனிக்கோட்டைப் பக்கமிருந்து இரவு பஸ் பிடித்து வருகிறவன். சொன்னதைச் செய்தால்தான் நிலைக்கலாம் என்று வீட்டில் சொல்லி அனுப்பியிருப்பார்கள். வலது கையில் அல்லன் கீ, இடது கையில் கம்பி. கையுறை கிடையாது, கண்ணாடி கிடையாது. ஸ்குரூ கடைசிப் புரியை விட்டதும் ஸ்பிரிங்கின் இழுவிசை முழுவதும் அவன் இரண்டு விரல்களுக்கு வந்துவிட்டது. அதையும் அவன் பிடித்துத்தான் இருந்தான். ஆனால் கம்பி விரலிடுக்கில் ஓர் அங்குலம் நழுவியது; அறுந்து நீட்டிக்கொண்டிருந்த இழை ஒன்று விரல் சதையில் ஊசி போல ஏறியது. ஊசி குத்தினால் கை தானாக உதறும். உதறியது.

எனக்குக் கேட்டவை இரண்டு சத்தங்கள். விசிலடித்தது போல ஒன்று. பிறகு மேலே பெட்டியில் சுத்தியலால் அடித்தது போல ஒன்று. இரண்டுக்கும் நடுவில் இடைவெளியே இல்லை. ஓடிப்போய்ப் பார்த்தபோது பையன் முகத்தைப் பொத்திக்கொண்டு பிரஸ்ஸின் படுகையில் உட்கார்ந்திருந்தான். விரலிடுக்கு வழியாக ரத்தம் வழிந்தது. "கண்ணு தெரியுதாடா, கண்ணைத் திற, கண்ணைத் திற" என்று நான் கத்தினேன். ரத்தம் இறங்கி இமையை ஒட்டியிருந்ததால் அவனால் திறக்க முடியவில்லை. தண்ணீர் ஊற்றித் துடைத்து, அவன் கண்ணைத் திறந்து "தெரியுதுண்ணா" என்று சொல்லும் வரை எனக்கு உயிர் இல்லை. அருகிலிருந்த மருத்துவமனைக்கு என் பைக்கில் பின்னால் உட்கார வைத்து நான்தான் கொண்டுபோனேன்.

ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 4ஆம் நாள் தேசியப் பாதுகாப்பு நாளன்று சட்டையில் பச்சைச் சின்னம் குத்திக்கொண்டு வரிசையில் நின்று உறுதிமொழி எடுக்கிறோம். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே கண் பாதுகாப்புக்கென்று 35ஆம் பிரிவு இருந்தது. எங்கள் கூடத்தில் பாதுகாப்புக் கண்ணாடிகளும் இருக்கின்றன. பொறுப்பாளர் அறையில், பூட்டிய அலமாரியில். சாவி பகல் ஷிஃப்ட்டில் இருக்கிறவரிடம். இரவில் வேலை செய்கிறவனுக்கு இல்லாத கண்ணா பகலில் இருக்கிறவனுக்கு இருக்கிறது?

மறுநாள் நடந்தது இதைவிட மோசம். கொக்கி மோதிய வேகத்தில் புஷ் விரிசல் விட்டிருந்தது. டிரம்மின் பள்ளங்களிலிருந்து கம்பி நழுவி ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தது. கொள்முதல் பிரிவிலிருந்து ஒருவர் பாகலூர் சாலைக் கடை ஒன்றிலிருந்து சைக்கிள் பிரேக் கம்பி வாங்கி வந்தார். "இதுவும் ஸ்டீல்தானே, இன்னும் கெட்டியாவே இருக்கு" என்றார். அந்தக் கெட்டிதான் கேடு. அந்த டிரம்மின் விட்டம் 63 மில்லிமீட்டர். 0.6 மில்லிமீட்டர் கம்பி சுற்றினால் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 199.8 மில்லிமீட்டர் வெளியே வரும். 1.5 மில்லிமீட்டர் பிரேக் கம்பி சுற்றினால் 202.6 வரும். ஒரு சுற்றுக்கு 2.8 மில்லிமீட்டர் பிழை. கம்பி 1,100 மில்லிமீட்டர் வெளியே வரும்போது ஏறத்தாழ 15.6 மில்லிமீட்டர் பொய். டைக்குள் ராம் எங்கே நிற்கிறது என்றே தெரியாமல் பிரஸ்ஸை ஓட்டச் சொல்கிறார்கள். அந்தக் கம்பி டிரம்மின் பள்ளத்தில் உட்காரவும் உட்காராது. விறைப்பாக இருப்பதால் ஒரு வாரத்தில் முறியும்.

இதைக் கணக்குப் போட்டுக் காகிதத்தில் காட்டிக்கொண்டிருந்தபோது, பக்கத்து மேசையில் இன்னொருவர் சென்சாரின் தவறான பக்க மூடியின் ஸ்குரூக்களைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஸ்பிரிங் இருக்கும் பக்கம். இரண்டு ஸ்குரூ வெளியே வந்துவிட்டது, மூன்றாவது பாதியில் இருந்தது. அந்த மூடியின் மேலேயே திறக்கக் கூடாது என்ற எச்சரிக்கைப் படம் ஒட்டியிருக்கிறது. அந்த மூடி விலகினால் உள்ளே அடைந்திருக்கும் பட்டை ஸ்பிரிங் பிரிந்து மொத்தமாக வெளியே பாயும். அதன் ஓரம் பிளேடு மாதிரி. நான் போட்ட சத்தத்தில் கேன்டீனிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். சத்தம் போட்டதற்காக எனக்குத்தான் எச்சரிக்கை.

எப்படிச் செய்ய வேண்டும் என்பது ரகசியம் ஒன்றும் இல்லை. கொக்கியைக் கழற்றுவதற்கு முன்பே அதில் இரண்டு மீட்டர் நல்ல கயிற்றைக் கட்டிவிட வேண்டும். அந்தக் கயிற்றைக் கையுறைக் கையால் பிடித்தபடி கம்பியை மெல்ல உள்ளே நடத்திக்கொண்டு போய் ஓய்வு நிலையில் விட வேண்டும். அந்தக் கயிறு இருந்திருந்தால் பையனின் புருவம் கிழிந்திருக்காது. விலை பத்து ரூபாய். பிறகு சென்சாரை மேசைக்குக் கொண்டுவந்து, மென்மையான தாடை போட்ட வைஸில் இறுக்காமல் பிடித்து, கம்பிப் பக்க மூடியை மட்டும் திறக்க வேண்டும். கம்பி முழுவதும் உள்ளே இருந்தாலும் ஸ்பிரிங் முழுதாகத் தளர்ந்திருக்காது. தயாரிப்பாளர் முன்கூட்டியே சில சுற்று முறுக்கி வைத்திருப்பார். ஆகவே முதல் வேலை, டிரம்மை அதற்கான துளையில் ஊசி போட்டுப் பூட்டுவது. பூட்டத் துளையே இல்லாத மாடல் என்றால் நம் கையில் செய்யவே கூடாது; தயாரிப்பாளருக்கு அனுப்ப வேண்டும்.

துளை இருந்தால், ஊசியை எடுத்துவிட்டு டிரம்மை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்து, ஒவ்வொரு சுற்றாக எண்ணிக்கொண்டே தளர்த்த வேண்டும். அந்த எண்ணிக்கையைச் சுவரிலாவது எழுதி வைக்க வேண்டும், ஏனென்றால் பாதியில் யாராவது கூப்பிடுவார்கள். பழைய கம்பியின் முனை டிரம்மில் எப்படிச் செருகியிருந்தது என்று பார்த்து, அதே தடிமனும் அதே நீளமும் உள்ள புதுக் கம்பியை அதே இடத்தில் செருகி, பள்ளத்துக்குப் பள்ளம் ஒரே அடுக்காகச் சுற்ற வேண்டும். ஒரு சுற்று இன்னொன்றின் மேல் ஏறினால், அந்த ஒரு சுற்றிலேயே ஏறத்தாழ மூன்றே முக்கால் மில்லிமீட்டர் தப்பும். அதன் பிறகே எண்ணி வைத்த அளவுக்கு டிரம்மை முறுக்கி, மறுபடி ஊசி போட்டு, முனையை புஷ் வழியே வெளியே எடுத்துக் கொக்கி மாட்டுவது. பொட்டென்ஷியோமீட்டர் பத்துச் சுற்று வகை என்றால் அதன் கடைசிச் சுற்றைத் தாண்டி முறுக்கிவிடக் கூடாது. உள்ளே தடுப்பு உடைந்துபோகும். கடைசியில் ஸ்டீல் டேப்பைப் பக்கத்தில் நீட்டி வைத்து 0, 500, 1,000 என்று இழுத்தும் விட்டும் திரையில் உள்ள எண்ணோடு ஒப்பிட வேண்டும்.

இதற்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். பத்து நிமிடம் ஆகாது. எத்தனை முறை கேட்டாலும் ஒன்றரை மணி நேரம்தான்.

சனிக்கிழமை நான்காம் முறையாக எழுதிக் கொடுத்தேன்: அசல் கம்பி இரண்டு, புஷ் ஒன்று. இரண்டு என்று எழுதியதற்குக் காரணம், இன்னொரு பிரஸ்ஸிலும் அதே மீசை முளைத்திருக்கிறது. இன்று காலை ஸ்டோரிலிருந்து தாள் திரும்பி வந்தது. "கடைசியாக வாங்கிய தேதி" என்ற கட்டத்தை நான் நிரப்பவில்லையாம். நிரப்பாத தாளை மேலே அனுப்ப முடியாதாம். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பையன் நெற்றியில் பிளாஸ்திரியோடு வந்து, பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்தான். "இதுவரை ஒருமுறைகூட வாங்கியதில்லை" என்று அந்தக் கட்டத்துக்குள் அடங்காத பெரிய எழுத்தில் எழுதி, அடியில் கையொப்பமிட்டு, நானே நேரில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.